தளர்ந்த தோலும் தளராத மாண்பும்

1958-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 4-ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இத்தாலிய நாட்டு ஒட்டறுவை மருத்துவர்களின் பேரவைக்கு உரை நிகழ்த்தினார். அதற்கு ஐந்தாம் நாள், அதாவது அக்டோபர் 9-ஆம் நாள், அவர் இறைவனடி சேர்ந்தார். உலகப் போரையும் அகதிகளின் துயரையும் நாடுகளின் பகைமையையும் கண்டு வருந்திய ஒரு திருத்தந்தை, தம் வாழ்வின் இறுதி வாரத்தில் எடுத்துப் பேசிய பொருள்களுள் ஒன்று, மனிதரின் முகத்தையும் தோலையும் சீராக்கும் அறுவை மருத்துவம் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆன்மாக்களின் ஆயருக்குத் தோலைப் பற்றி என்ன கவலை என்று கேட்கவும் தோன்றும். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டிய நிலையில் இன்று நம் குடும்பங்களே இருக்கின்றன.

பருமனான உடல் இளைத்தபின் வயிற்றிலும் புயங்களிலும் தொங்கும் தோலை அகற்றித் தருவதாகவும், மகப்பேற்றுக்குப்பின் தளர்ந்த வயிற்றைப் பழைய நிலைக்குக் கொணர்வதாகவும் கூறும் விளம்பரங்கள், முன்பு பெருநகர நாளிதழ்களில் மட்டுமே வந்தன. இன்று கைப்பேசி வழியாக விழுப்புரத்துக் கடைவீதியில் நிற்பவருக்கும், திண்டிவனத்துச் சுற்றுக் கிராமத்தில் களை பறித்துத் திரும்பும் தாய்க்கும் அவை வந்து சேர்கின்றன. ஒரு சாரார் இதனை வீண் பகட்டு என்று தள்ளிவிடுகின்றனர். மற்றொரு சாரார் கடன்பட்டேனும் செய்துகொள்ளத் துடிக்கின்றனர். இரண்டுக்கும் நடுவே நிதானமாக ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியது கிறிஸ்தவக் குடும்பத்தின் கடமையாகும்.

தோல் ஏன் தொய்கிறது?

மனித உடலின் உறுப்புகளுள் மிகப் பெரியது தோலே. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்பு இருக்கும். வெயிலையும் கிருமிகளையும் தடுத்து, உடலின் வெப்பத்தைச் சீராக வைத்து, தொடுவுணர்வை மூளைக்குத் தெரிவிக்கும் இந்த அற்புதப் போர்வையின் உட்படலத்தில் இருவகை நார்கள் உண்டு. கொலாஜன் என்பது தோலுக்கு வலிமை தருவது. எலாஸ்டின் என்பது இழுத்தால் மீண்டும் சுருங்கும் தன்மை தருவது. கருவுற்ற காலத்திலும், உடல் மிகப் பருக்கும்போதும் தோல் விரிந்து கொடுக்கிறது. ஓரளவு விரிந்தால் மீண்டும் சுருங்குகிறது. நெடுங்காலம் அளவுக்கு மீறி விரிந்தாலோ, அந்த நார்கள் அறுந்து போகின்றன. பின்பு உள்ளிருந்த கொழுப்பு கரைந்தாலும் தோல் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. பல நாள் நெல் நிரப்பி விரிந்த கோணிப்பை, நெல்லைக் கொட்டியபின் தொய்ந்து கிடப்பது போன்றதே இது. உடற்பயிற்சி தசையை வலுப்படுத்தும். நார் அறுந்த தோலைச் சுருக்காது. பூச்சு மருந்துகளாலும் இது நீங்குவதில்லை. இந்த உண்மையை அறியாமல் களிம்புகளுக்கும் எண்ணெய்களுக்கும் பணத்தை இறைப்போர் பலர்.

நம் மண்ணில் எழுந்த வரலாறு

தொய்ந்த தோலை அறுவை மூலம் சீராக்குதல் செல்வர்களின் கேளிக்கை என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் நமது மாவட்டங்களை ஒட்டிய நிலப்பகுதியில் இது ஏழையரிலும் ஏழையருக்காகக் கையாளப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர்கள் தொழுநோயாளிகள்.

திண்டிவனத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அச்சிறுபாக்கம், மதுராந்தகம் ஆகிய ஊர்களைக் கடந்தால் செங்கற்பட்டு வரும். அதனை அடுத்த திருமணியில் இருந்த வெலிங்டன் சீமாட்டி தொழுநோய் மருத்துவமனைக்கு, 1947-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்டு சென்றார். சீர்திருத்த சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர்களின் மகனாக 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். அங்கே தலைமை வகித்த மருத்துவர் ராபர்ட் காக்ரேன், மடங்கி இறுகிய விரல்களையுடைய நோயாளிகளை அவருக்குக் காட்டினார். தசைகளுள் சில செயலற்றுப் போயிருந்தாலும் வேறு சில நல்ல வலிமையுடன் இருப்பதைக் கண்ட பிராண்டு, வலிமையுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலில் பொருத்தினால் என்ன என்று சிந்தித்தார். அடுத்த ஆண்டிலேயே வேலூரில் அந்த அறுவை தொடங்கியது. மூடிக் கிடந்த விரல்கள் திறந்தன.

ஆனால் புதியதொரு துன்பம் வெளிப்பட்டது. கை சீரானவர் வேலை தேடிச் சென்றபோது, முகம் அவரைக் காட்டிக்கொடுத்தது. இந்நோயின் ஒரு வகையில் கிருமிகள் முகத் தோலில் பெருகி, அதனைத் தடிக்கச் செய்கின்றன. 1940-களின் பிற்பகுதியில் டாப்சோன் மருந்து வழங்கப்படலாயிற்று. மருந்தின் பயனாக வீக்கம் வடிந்தது. ஆனால் நார்கள் சிதைந்து போனமையால் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கிற்று. முப்பது வயது இளைஞர் அறுபது வயதுக் கிழவராகத் தோன்றினார். புருவ மயிர் உதிர்ந்தது, மூக்கு உட்குழிந்தது, காதின் சோணை நீண்டு தொங்கிற்று. நோய் நீங்கியும் நோயாளி என்னும் பெயர் நீங்கவில்லை. தேநீர்க் கடையில் குவளை மறுக்கப்பட்டது. பேருந்தில் இருக்கை மறுக்கப்பட்டது. சொந்த வீட்டில் திண்ணையோடு நிறுத்தப்பட்டார்.

ஆகவே முகத்தைச் சீராக்கும் அறுவைகள் எழுந்தன. காதின் முன்புறமும் மயிரெல்லையிலும் கீறி, தொங்கும் தோலை மேல்நோக்கி இழுத்து, மிகுதியானதை வெட்டித் தைத்தனர். நீண்ட காதுச் சோணையைக் குறைத்தனர். மூக்கின் உட்புறத்தில் தோல் ஒட்டி அதனை நிமிர்த்தினர். பொட்டுப் பகுதியில் ஓடும் இரத்தக் குழாயோடு தலைத்தோலின் சிறு துண்டை நகர்த்திப் புருவமாக அமைத்தனர். தலைமயிர் ஆதலால் அந்தப் புருவம் வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். பம்பாயிலும் புனே நகரை அடுத்த கொந்துவாவிலும் மருத்துவர் நோஷிர் அந்தியா இத்துறையில் அரும்பணி ஆற்றினார். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையம் உலகெங்கிலுமிருந்து மருத்துவர்கள் வந்து பயிலும் இடமாயிற்று. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் இருப்புப்பாதை வேலூரைத் தொட்டே செல்கிறது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து எளியவர்களுக்கு அந்தப் பாதை, ஒரு வகையில் மனிதர் நடுவே திரும்பிவரும் பாதையுமாயிற்று.

நம் கத்தோலிக்கரும் இப்பணியில் பின்தங்கவில்லை. மொலோக்காய் தீவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்து அதே நோயால் 1889-இல் உயிர்நீத்த தந்தை தமியானை 2009-இல் திருச்சபை புனிதர் என அறிவித்தது. அவர் பிறந்த பெல்ஜிய நாட்டிலிருந்து மருத்துவர் ஹெமரிக்ஸ் 1955-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துப் போலம்பாக்கத்திற்கு வந்தார். அவருடன் பொதுநிலை ஊழியராகிய பெண் மருத்துவர் கிளேர் வெல்லுட்டும் பணியாற்றினார். நோயாளியை மருத்துவமனைக்குள் அடைக்காமல், சிற்றூர்களுக்கே சென்று சாலையோர மரநிழலில் மருந்து வழங்கும் முறையை அவர்கள் பரப்பினர். நோயாளியை ஊரிலேயே, உறவினர் நடுவிலேயே குணப்படுத்த முடியும் என்பதை அம்மரநிழல்கள் கற்பித்தன.

இன்று பன்மருந்துச் சிகிச்சை வந்துவிட்டது. 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதனைப் பரிந்துரைத்தது. தொடக்கத்திலேயே கண்டு மருந்துண்டால், உருக்குலைவு நேராமலே குணமடையலாம். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் உடலில் தோன்றினால் மறைக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. இன்னொரு செய்தியும் நம் இல்லங்கள் அறியத்தக்கது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில், தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாக இடம்பெற்றிருந்தது. 2019-இல்தான் நாடாளுமன்றம் அதனை நீக்கியது. திருச்சபையோ, நோயால் திருமண உறவு முறியாது என்பதைத் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தரின் காலமாகிய 12-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவுபடுத்தியிருந்தது.

அறுவையின் இயல்பும் இடரும்

இனி, இன்று பெரிதும் பேசப்படும் வயிற்றுத் தோல் அறுவையைக் காண்போம். அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பு முதல் மற்றோர் இடுப்பெலும்பு வரை கீறி, தோலையும் அதனடிக் கொழுப்பையும் உயர்த்தி, விலகிய தசைகளைத் தைத்து இறுக்கி, மிகுதியான தோலை வெட்டி நீக்கி, கொப்பூழுக்குப் புதிய இடம் அமைக்கின்றனர். முழு மயக்கத்தில் சில மணி நேரம் நடைபெறும் பெரிய அறுவை இது. தோல் குறையும், ஆனால் தழும்பு வாழ்நாள் முழுவதும் இருக்கும். இது உடலை இளைக்கச் செய்யும் வழியும் அன்று. உடல் எடை இறங்கி, பல திங்கள் ஏறாமல் நிலைத்தபின்னரே நல்ல மருத்துவர் இதற்கு இசைவார். இன்னும் குழந்தைப்பேறு எதிர்பார்க்கும் தாய்மாரைக் காத்திருக்கச் சொல்வார். ஏனெனில் அடுத்த பேற்றில் தோல் மறுபடியும் விரியும்.

இடர்களும் உண்டு. குருதிப்போக்கு, சீழ்பிடித்தல், தோலடியில் நீர் சேர்தல், காயம் ஆறாமை ஆகியவை நேரலாம். எல்லாவற்றினும் கொடியது, காலின் சிரையினுள் குருதி உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரையே பறிப்பது. புகைபிடிப்போருக்கும், கட்டுக்கடங்காத சர்க்கரை நோயுடையோருக்கும் இடர் மிகுதி. 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப்பின் ஓர் இளம் மருத்துவ மாணவர் உயிரிழந்ததையும், 2024-இல் உடல் எடை குறைக்கும் அறுவையின்போது புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்ததையும் நாளிதழ்களில் படித்தோம். அழகுக்கான அறுவை என்று பெயரிட்டதனால் கத்தி மென்மையாகிவிடுவதில்லை.

திருச்சபை கூறுவது யாது?

உடல் ஆன்மாவின் சிறைக்கூடம் என்பது கிறிஸ்தவப் படிப்பினை அன்று. இறைமகன் உடலெடுத்தார், உடலோடு உயிர்த்தார், நம் உடலும் உயிர்க்கும் என நாம் அறிக்கையிடுகிறோம். உடலைத் தூய ஆவியார் குடிகொள்ளும் கோவிலாகப் பவுலடியார் கொரிந்தியருக்குக் காட்டுகிறார். ஆகவே உடலழகு ஒரு நன்மையே. ஆயினும் அது தலைமையான நன்மை அன்று. உயர்ந்த நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது.

இந்த அடித்தளத்தின்மீதே பன்னிரண்டாம் பயஸ் தம் 1958-ஆம் ஆண்டு உரையை அமைத்தார். அழகுக்கான அறுவை தன்னிலேயே தீயதும் அன்று, தன்னிலேயே சிறந்ததும் அன்று. நோக்கமும் சூழ்நிலையும் அதனைத் தீர்மானிக்கின்றன என்பதே அதன் சாரம். நேரிய நோக்கம் இருத்தல், உடல் நலத்திற்குப் பேரிடர் நேராமல் காத்தல், மேற்கொள்ளும் வழிக்கு ஏற்ற தகுந்த காரணம் இருத்தல் ஆகிய மூன்றையும் அவர் வேண்டுகிறார். பிறரைத் தீய நாட்டத்துக்கு ஈர்க்கவோ, குற்றவாளி நீதிக்குத் தப்பவோ, வெறும் பகட்டுக்காகவோ, உறுப்பின் இயல்பான செயலுக்கு ஊறு விளைவித்தோ செய்வதை அவர் ஏற்கவில்லை. மாறாக, ஒரு குறை மனத்தை வாட்டி, மக்களோடு பழகவும் தொழில் செய்யவும் தடையாக நிற்குமானால், அதனை நீக்குதல் தக்கதே என ஒப்புகிறார். பின்னர் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், உடல் நலத்தைப் பேணுவதைக் கடமை எனக் கற்பித்து, உடலையே தெய்வமாக்கி அதற்கு அனைத்தையும் பலியிடும் போக்கைக் கண்டிக்கிறது.

இரண்டு நிலைகள்

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்பிக்கும்போது, கற்பனை நிகழ்ச்சிகளை முன்வைத்து ஆராய்வது வழக்கம். நாமும் இரண்டை எடுத்துக்கொள்வோம்.

திண்டிவனம் பகுதியில் நாற்பத்தைந்து வயதுத் தாய் ஒருவர். சர்க்கரை நோயும் மிகுந்த பருமனும் உடையவர். மருத்துவரின் சொற்படி உணவைக் குறைத்து, நடந்து, மூன்றாண்டுகளில் முப்பது கிலோவுக்கு மேல் இளைத்தார். நோய் கட்டுக்குள் வந்தது. ஆனால் வயிற்றுத் தோல் தொடை வரை தொங்குகிறது. கோடையில் அந்த மடிப்பினுள் வியர்வை தங்கிப் பூஞ்சைப் புண் வருகிறது, நாற்றம் எழுகிறது. குனிந்து வேலை செய்ய முடியவில்லை. திருப்பலியில் மற்றவர் அருகில் அமரக் கூசிப் பின்வாசலில் நிற்கிறார். “இந்த வயதில் அழகு எதற்கு?” என்கிறார் மாமியார். இந்தத் தாய்க்கு அறுவை பகட்டாகுமா? ஆகாது. புண்ணை ஆற்றுவதற்கும், உழைப்பதற்கும், தலைநிமிர்ந்து மக்களோடு அமர்வதற்கும் அது துணை. மருத்துவர் இடர் குறைவு எனக் கூறுவாரானால், அவர் அமைதியான மனச்சான்றுடன் அதனைச் செய்துகொள்ளலாம். அந்த மாமியார் செய்ய வேண்டியது, அறுவைக்குப்பின் சில வாரங்கள் குடம் தூக்காமல் மருமகளைக் காப்பதே.

விழுப்புரத்தில் இருபத்து மூன்று வயது மணப்பெண் ஒருவர். நல்ல உடல்நலம் உடையவர். இடுப்பில் சிறிது சதை, அவ்வளவே. மணமகன் வீட்டார் நிழற்படத்தைக் கண்டு முகம் சுளித்தனர். பெற்றோர் அரை ஏக்கர் நிலத்தை அடகு வைத்து, தள்ளுபடி விலையில் செய்வதாக விளம்பரம் செய்த ஓரிடத்தில் முன்பணம் கட்டிவிட்டனர். பெண்ணுக்கு விருப்பமில்லை, அச்சம். இங்கே சீராக்க வேண்டியது எது? பெண்ணின் இடுப்பு அன்று. அவளை எடைபோட்டுப் பார்க்கும் கண். வரதட்சணையின் புதிய வடிவமே இது. முன்பு பொன்னைக் கேட்டவர்கள் இன்று பெண்ணின் உடலையே செதுக்கித் தரக் கேட்கிறார்கள். உரிமையுள்ள மனத்துடன் அவள் இசையாத அறுவைக்கு அவளை உட்படுத்துவது அநீதி. அந்த முன்பணத்தை இழந்தாலும் இழப்பன்று.

இவ்விரு நிலைகளிலும் அறுவை ஏறக்குறைய ஒன்றே. காரணமும் உரிமையும் இடரும் வேறுபடுவதால் அறநெறி முடிவும் வேறுபடுகிறது.

குடும்பம் கூடிக் கேட்க வேண்டியவை

இத்தகைய முடிவு எடுக்கும் முன், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் செபத்துக்குப்பின் அமர்ந்து சில வினாக்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலாவது, இதனை விரும்புவது யார்? உடலுக்குரியவரா, அவரைக் கேலி செய்வோரா? கணவனின் ஏளனத்துக்கு அஞ்சி மனைவி கத்திக்குக் கீழே படுப்பாளானால், மருத்துவரைவிட மனமாற்றமே முதலில் தேவை. அவளது வயிற்றுத் தளர்ச்சி அவனுடைய பிள்ளைகளைச் சுமந்ததன் அடையாளம் அன்றோ?

இரண்டாவது, உடலுக்கு இதனால் வரும் நன்மை என்ன, இடர் என்ன? இதனை விளம்பரத்தில் அன்று, தகுதியுள்ள மருத்துவரிடம் கேட்டறிக. பொது அறுவைப் பட்டத்துக்குமேல் ஒட்டறுவையில் எம்.சிஎச். போன்ற உயர்பட்டம் பெற்று, மருத்துவக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் நாணம் வேண்டாம். மயக்க மருத்துவரும் தீவிர சிகிச்சை வசதியும் உண்டா என்றும் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மர், சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவ நிலையங்களில் ஒட்டறுவைத் துறைகள் உள்ளன. முதலில் அங்கே கருத்துக் கேட்பது நன்று.

மூன்றாவது, செலவு எங்கிருந்து வருகிறது? அழகுக்கு மட்டுமான அறுவைக்குப் பொதுவாகக் காப்பீட்டுத் தொகை கிடைப்பதில்லை. பிள்ளைகளின் கல்வியையும் முதியோரின் மருந்தையும் பறித்துச் செய்வது நீதியாகாது.

நான்காவது, அறுவைக்குப்பின்னும் நிறைவு கிட்டாவிட்டால்? ஒன்றைச் சீராக்கியபின் அடுத்ததைத் தேடி ஓடும் மனத்துக்கு எந்தக் கத்தியும் மருந்தன்று. அங்கே மனநல மருத்துவரும் ஆன்ம வழிகாட்டியும் துணைபுரியட்டும்.

பங்குச் சமூகத்தின் பொறுப்பு

அன்பார்ந்த இறைமக்களே! ஆண்டவர் இயேசு தொழுநோயாளியைச் சொல்லால் மட்டும் குணப்படுத்தியிருக்கலாம். அவரோ கை நீட்டித் தொட்டார். நோய் நீங்கியபின் குருவிடம் சென்று காட்டுமாறும் அனுப்பினார்; அவர் ஊருக்குள் முறைப்படி ஏற்கப்பட வேண்டும் என்பதற்காகவே அது. குணமளித்தல் சமூகத்தில் சேர்ப்பதோடுதான் நிறைவடைகிறது. வேலூர் மருத்துவர்கள் முகத்தைத் தைத்தபோது அதே பணியின் ஒரு பகுதியைச் செய்தனர். மறுபகுதியைச் செய்ய வேண்டியவர்கள் நாம்.

நம் பள்ளிகளிலும் பாடற்குழுவிலும் இளைஞர் மன்றத்திலும் உடலைச் சுட்டும் பட்டப்பெயர்கள் எத்தனை உலவுகின்றன! பருத்தவரையும் இளைத்தவரையும் தழும்புடையவரையும் கறுத்தவரையும் கேலி செய்துவிட்டு, அவர் அழகு நிலையத்துக்கு ஓடும்போது பகட்டு என்று குறை கூறுவது பரிசேயத்தனம். தீக்காயத் தழும்போடு வரும் பெண்ணையும், விரல் மடங்கிய முதியவரையும் ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்து இருக்கையில் அமர்த்தி, சமாதான வாழ்த்தின்போது அவர்கள் கரத்தைப் பற்றினால், பல நூறு அறிவுரைகளைவிட அது மேலானது.

உயிர்த்த ஆண்டவர் தம் மாட்சிமிகு உடலில் ஆணித் தழும்புகளை விலக்கிவிடவில்லை. தோமாவுக்கு அவற்றையே அடையாளமாகக் காட்டினார். எனவே அறுவை செய்துகொண்டவரும் வெட்கப்பட வேண்டாம். செய்துகொள்ள இயலாதவரும் வெட்கப்பட வேண்டாம். வரும் ஞாயிறன்று ஆலயத்தின் பின்வாசலில் எவரேனும் தயங்கி நிற்கக் கண்டால், எழுந்து சென்று அவரை உள்ளே அழைத்து வாருங்கள்.